கரியா, கறையா, கறளா?

சென்ற மார்கழி விடுமுறையில் ஒரு நாட் காலை, என்னிடம் இரசாயனவியல் படிக்கும் மாணவி ஒருத்தி, பழைய செய்தித்தாளிற் சுற்றிய ஒரு பொருளை நெஞ்சோடு அணைத்தபடி எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றாள். பாடத்தில் ஏதோ ஐயமாக்கும் என்று எண்ணி உள்ளே அழைத்தேன். சுற்றியிருந்த தாளை விரித்தால் ஓர் அலுமினியக் கேக் தட்டம்! உள்ளும் புறமும் மழைமுகிலின் நிறத்திற் கறுத்துக் கிடந்தது.

“ரீச்சர், அக்காவின்ரை கலியாணத்துக்கு அம்மா கேக் போட்டவ. அடியிலை சீனி தீஞ்சு பிடிச்சிட்டுது. சோடாப் போட்டு அவிச்சால் போகும் எண்டு ஆரோ சொல்ல, அப்பிடியே அவிச்சவ. தீஞ்சது போட்டுது. ஆனால் தட்டம் முழுக்கக் கறுத்துப்போச்சு. தேய்க்கத் தேய்க்கக் கூடுதே ஒழியக் குறையேல்லை. இது அம்மம்மா குடுத்த தட்டம் ரீச்சர். அம்மா ரெண்டு நாளாய்ச் சரியாய்ச் சாப்பிடேல்லை.”

“வீட்டிலை பழப்புளி இருக்கோ?” என்று கேட்டேன். நான் பகிடி விடுவதாக நினைத்து அவள் என் முகத்தையே பார்த்தாள்.

அந்தத் தட்டம் என்னவாயிற்று என்பதைப் பின்னர் சொல்வேன். அவ்வீட்டில் நேர்ந்த பிழை அந்த அம்மாவின் பிழை மட்டுமன்று. பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் ‘கறை’ என்னும் ஒரே பெயரால் நாம் அழைக்கத் தொடங்கிவிட்டோம். எங்கள் பாட்டிமார் அப்படிச் சொல்வதில்லை. அடுப்பிற் பிடிப்பது கரி. எண்ணெய்யால் வருவது பிசுக்கு. இரும்பில் வருவது கறள். செம்பிலும் பித்தளையிலும் வருவது களிம்பு. கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் பிடிப்பது சுண்ணாம்பு. ஐந்துக்கும் ஐந்து பெயர். ஐந்துக்கும் ஒரே மருந்து இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒன்றைப் போக்கும் மருந்து மற்றொன்றைப் பெருக்கிவிடும் என்பதையும் அறிந்திருந்தார்கள். பெயர்களை மறந்தபோதே மருந்துகளையும் மறந்தோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கேக் வெள்ளைக்காரனின் பண்டமாயிற்றே, அதற்கும் பாட்டிமாருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வெதுப்பும் கலை நம் மண்ணுக்கு வந்து நானூறு ஆண்டுகள் ஆகின்றன. 1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி 1658 வரை ஆண்ட போர்த்துக்கேயர் போய்விட்டார்கள். அவர்களுடைய சொற்கள் எங்கள் அடுப்படியிலேயே தங்கிவிட்டன. பாண் அவர்களுடைய சொல். அதை வேகவைக்கும் போறணையும் அவர்களுடையதே. தாச்சி அவர்கள் தந்தது. அடுப்படிக்கு நாம் வழங்கும் குசினி என்னும் பெயர்கூட அவர்கள் தந்ததுதான். மின்சார அவன் வருவதற்கு முன்னரே இங்குள்ள வீடுகளிற் கேக் வெந்தது. பெரிய சருவச்சட்டியின் அடியில் மணலைப் பரப்பி, அதன்மேல் மாக்கலவை ஊற்றிய தட்டத்தை வைத்து, மேலே தகரத்தால் மூடி, கீழும் மேலுமாகச் சிரட்டைத் தணலைப் பரப்புவார்கள். தணலின் அளவைக் கையை நீட்டிப் பார்த்தே மதிப்பார்கள். அப்படி வெந்த கேக்கின் ஓரம் எங்கேனும் ஓரிடத்திற் கருகாமல் இராது. ஆதலால் தட்டத்தைத் துலக்கும் வித்தையும் கூடவே வளர்ந்தது.

முதலிற் கருகலைப் பார்ப்போம். சீனியைச் சூடாக்கினால் உருகிப் பாகாகி, பொன்னிறம் கொண்டு, பின் கபிலமாகி, ஈற்றிற் கரியாகிறது. பாகு நிலையில் இருக்கும்வரை அது நீரிற் கரையும். இரவு முழுவதும் சுடுநீரை ஊற்றி வைத்திருந்தாற் காலையில் தானே கழன்றுவிடும். அதைக் கரண்டியாற் சுரண்டுவது வீண் வேலை. தட்டத்திற் கீறல் விழுவதுதான் மிச்சம். ஆனால் முற்றிலும் கரியாகிவிட்டால் அது நீரிலும் கரையாது, புளியிலும் கரையாது, சோடாவிலும் கரையாது. பின் சோடாவில் அவித்ததும் கருகல் எப்படிப் போகிறது? கரியைத் தட்டத்தோடு ஒட்டி வைத்திருக்கும் பசையைச் சோடா அழிக்கிறது. பிடிப்பை இழந்த கரி உதிர்ந்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

அந்தப் பசை எண்ணெய்யினால் ஆனது. தட்டத்திற் பூசிய எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் ஒட்சிசனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டு, வாணிசு போன்ற கடினமான படையாகிறது. மஞ்சளாய்த் தொடங்கிப் பின்னர் மண்ணிறமாகும் அந்தப் பிசுக்கைத் தட்டத்தின் மூலைகளிற் காணலாம். எல்லா எண்ணெய்களும் ஒரே விதமாக இப்படி மாறுவதில்லை. நிரம்பாத கொழுப்பமிலங்கள் மிகுந்த நல்லெண்ணெய், சோயா, சூரியகாந்தி எண்ணெய்கள் எளிதில் இப்படையாகும். தேங்காயெண்ணெய்யில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிரம்பிய கொழுப்பாதலால் அது அவ்வளவு விரைவிற் பிசினாவதில்லை. சூரியகாந்தி எண்ணெய் பூசும் வீடுகளில், அந்தக் காலத்தைவிடத் தட்டம் இப்போது அதிகம் பிசுக்கேறுகிறது என்று அம்மாமார் குறைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பிசுக்குக்கு மருந்து காரம். காரம் கொழுப்போடு சேர்ந்தால் அதனைச் சவர்க்காரமாக்கி நீரோடு போக்கிவிடும். எங்கள் அடுப்படியில் இருந்த காரம் சாம்பல். மரச்சாம்பலிற் பொற்றாசியம் காபனேற்று உண்டு. அதிலும் தேங்காய்ப் பொச்சை எரித்த சாம்பலில் அது மிகுதி. மேனாட்டில் சாம்பலைப் பானையிலிட்டு நீருற்றி வடித்துக் காய்ச்சி இந்தக் காரத்தை எடுத்தார்கள். அதனால் அதற்குப் ‘பானைச் சாம்பல்’ என்னும் பொருளில் ‘பொட்டாஷ்’ என்று பெயர் வந்தது. 1807 ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி என்னும் அறிஞர் அதிலிருந்து புதிய மூலகம் ஒன்றைப் பிரித்தபோது, பொற்றாசியம் என்ற பெயரும் அதிலிருந்தே பிறந்தது. ஆவர்த்தன அட்டவணையைப் பாடமாக்கும் பிள்ளைகளுக்கு, அதில் ஒரு கட்டத்துக்குள் அடுப்புச் சாம்பல் இருக்கிறது என்று சொல்லுவேன். சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள்.

சாம்பலும் பொச்சும் கைவிடப்பட்ட வீடுகளில் அப்பச்சோடா அந்த வேலையைச் செய்கிறது. கண்ணாடித் தட்டமோ எவர்சில்வர்த் தட்டமோ ஆனால், நான்கு கரண்டி அப்பச்சோடாவிற் சிறிது நீர்விட்டுக் குழைத்து, பிசுக்கின் மேல் அப்பி, இரவு முழுவதும் விட்டு, காலையிற் சுடுநீர் ஊற்றித் தும்பினாற் தேய்த்தாற் போதும். அதற்கும் அசையாத பிசுக்கானால், எவர்சில்வர்த் தட்டத்தை ஒரு லீற்றர் நீருக்கு இரண்டு கரண்டி சோடா வீதம் இட்டுக் கால் மணி நேரம் அவிக்கலாம். அப்பச்சோடா மென்மையான காரம். அதனை நீரிற் கொதிக்க வைத்தாலோ உலர்வாகச் சூடாக்கினாலோ, காபனீரொட்சைட்டை இழந்து சலவைச் சோடாவாக மாறி வலுப்பெறும். அவிக்கும்போது அது கூடுதலாக வேலை செய்வதன் இரகசியம் இதுதான். அந்த மாணவியின் தட்டம் கறுத்ததன் இரகசியமும் இதுவே. அலுமினியத்துக்குக் காரம் ஆகாது.

இங்கே ஓர் இடைச்செருகல். அப்பச்சோடாவைத் தூவி அதன்மேல் வினாகிரியை ஊற்றினால் எந்தக் கறையும் பறந்துவிடும் என்று இப்பொழுது எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். நுரை பொங்குவதைப் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். 100 மில்லிலீற்றர் சாதாரண வினாகிரியை ஏறத்தாழ 7 கிராம் அப்பச்சோடா முற்றாகச் செயலிழக்கச் செய்துவிடும். எஞ்சுவது நீரும், சோடியம் அசற்றேற்று என்னும் சாதுவான ஓர் உப்புமே. நுரையின் கொந்தளிப்பால் உதிரும் தூள் சிறிது உண்டு. அதற்காக இரண்டு நல்ல பொருள்களை வீணாக்க வேண்டியதில்லை. காரத்தை முதலில் இட்டு, அது தன் வேலையை முடித்த பின் கழுவிவிட்டு, அமிலத்தை ஈற்றில் இடுவதே முறை. எங்கள் அம்மாவுக்கு இரசாயனவியல் தெரியாது. ஆயினும் எதனை முதலில் இடவேண்டும் என்பதில் அவ ஒருபோதும் தவறியதில்லை.

அம்மாவின் வித்தையை நான் முழுதாகக் கண்டது 1996 ஆம் ஆண்டில். 1995 ஐப்பசியின் அந்த இரவை, ஒக்ரோபர் 30 ஆம் திகதியை, வலிகாமத்தில் அன்றிருந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். இலட்சக்கணக்கான சனம் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. எங்கள் வீடு கொக்குவிலில் இருந்தது. புறப்படுவதற்கு முன் அம்மா கையில் எடுத்தவை மிகச் சில. எடுக்க முடியாதவற்றுள் இரண்டு பித்தளைக் குடங்கள், குத்துவிளக்கு, செப்புச் செம்பு, தன் தாயார் தந்த தகரக் கேக் தட்டம், ஓர் அலுமினியச் சட்டி ஆகியவற்றை ஒரு சாக்கிலிட்டுக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டா. ‘உயிர் தப்பப் போகிற நேரத்தில் கேக் தட்டமா?’ என்று ஐயா கடிந்துகொண்டது என் காதில் இன்னும் இருக்கிறது. அம்மா மறுமொழி சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு சித்திரைக் கடைசியில் நாங்கள் திரும்பி வந்தோம். கூரையிற் பாதி இல்லை. கிணறு இருந்தது, சாக்கும் இருந்தது. ஐயாவும் மாமாவும் கொழுவியால் அதை மேலே தூக்கினார்கள். ஆறு மாதம் நீருக்குள் கிடந்த பொருள்களை முற்றத்திற் பரப்பியபோது, ஒவ்வோர் உலோகமும் ஒவ்வொரு விதமாகத் தன் கதையைச் சொல்லிற்று. பித்தளை கறுத்துக் கபிலமாகி, அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு படிந்து கிடந்தது. செம்பில் ஆங்காங்கே பச்சைக் களிம்பு. அலுமினியச் சட்டியில் வெண்தூள் பூத்து, தூளைத் துடைத்த இடத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தன. தகரத் தட்டத்தின் நிலைதான் பரிதாபம். தகரம் என்பது வெள்ளீயம் பூசிய இரும்பு. பூச்சு முழுமையாக இருக்கும் வரை இரும்புக்குக் காவல். கீறல் விழுந்து விட்டாலோ அந்தக் காவலே பகையாகி, கீறிய இடத்து இரும்பை முன்னிலும் விரைவாகக் கறளேறச் செய்யும். ஆண்டாண்டாகக் கத்தியாற் கேக் வெட்டிய கோடுகள் அனைத்தும் அத்தட்டத்திற் செங்கோடுகளாக எழுந்து நின்றன.

சவர்க்காரம் இல்லை. 1990 தொட்டு வந்த பொருளாதாரத் தடையில் அது கிடைப்பது அரிதாகி, கிடைத்தாலும் வாங்க முடியாத விலையில் இருந்தது. நாங்கள் திரும்பிய வேளையிற் கடையே இல்லை. அயல் வளவிற் புளியமரம் இருந்தது. உலுப்புவாரின்றிப் பழம் நிலத்திற் கொட்டிக் கிடந்தது. உடைந்த வீட்டின் செங்கல் இருந்தது. சாம்பலுக்குப் பஞ்சமில்லை. அம்மா புளியைக் கரைத்துப் பித்தளையிற் பூசி ஒரு நாழிகை ஊறவிட்டா. சுண்ணாம்புப் படை சிறு குமிழி விட்டுக் கரைந்தது, கறுப்பு இளகிற்று. பின்னர் செங்கற் தூளைத் தும்பிற் தொட்டுத் தேய்த்து, கழுவி, ஈற்றில் சாம்பலால் ஒரு தரம் தேய்த்துக் கழுவினா. ஏன் சாம்பல் கடைசியில் என்று நான் கேட்டதற்கு, “புளி நிண்டால் நாளைக்குத் திரும்பவும் கறுக்கும்” என்றா. பல ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழகத்தில் நடுநிலையாக்கம் பற்றிப் படித்தபோது, எஞ்சிய அமிலத்தைக் காரத்தால் முடித்துவைக்கும் அந்தச் செயலை முற்றத்திலேயே கண்டுவிட்டேன் என்று விளங்கிற்று. பிசுக்குக்குச் சாம்பல் முதல், புளி பின்பு. களிம்புக்குப் புளி முதல், சாம்பல் பின்பு. இந்த வரிசையை அவ யாரிடமும் எழுதிக் கற்கவில்லை.

பழப்புளியின் ஆற்றலெல்லாம் தாத்தாரிக்கமிலத்தில் இருக்கிறது. பழத்தின் சதையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதுவே. பல பழங்கள் கனியும்போது புளிப்பை இழக்கின்றன; புளி கனிந்தும் புளிப்பாகவே நிற்கிறது. அது செப்பொட்சைட்டைக் கரைப்பதோடு நில்லாமல், கரைந்த செம்பை விடாது பற்றிக்கொண்டு நீரோடு இழுத்துச் செல்லும். தேசிக்காயின் சித்திரிக்கமிலமும் அத்தன்மையதே. கேக் பொங்குவதற்கு இடும் பேக்கிங் பவுடர் சிலவற்றில் இந்தத் தாத்தாரிக்கமிலத்தின் உப்பு சேர்வதுண்டு. கேக்கைப் பொங்கச் செய்வதும் தட்டத்தைத் துலக்குவதும் ஒரே குடும்பம் என்றாற் தவறாகாது.

களிம்பு என்றதும் சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு ஆன்மாவைப் பற்றிய ஆணவ மலம் நினைவுக்கு வரும். செம்பிற் களிம்பு போல அது அநாதியாகவே உள்ளது என்பது நம் ஆசாரியர் சொல்லும் உவமை. களிம்பு காற்றாலும் நீராலும் பின்னர் வருவதாயிற்றே என்று ஒரு மாணவன் வகுப்பில் என்னை மடக்கினான். உவமையை எல்லைக்கு மேல் இழுக்கக்கூடாது என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று சமய பாட ஆசிரியரிடம் போய்க் கேட்டபோது அவரும் அதையே சொன்னார் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

தகரத் தட்டத்துக்கு வருவோம். குடம், விளக்கு, செம்பு எல்லாம் பளபளத்தன. அதை மட்டும் எறிந்துவிடலாம் என்றார் ஐயா. அம்மா கெட்டிப் புளியை அதில் அப்பி இரவு முழுவதும் வைத்தா. காலையிற் செங்கறள் பெரும்பாலும் கரைந்து, இடையிடையே கருமையான இரும்பு தெரிந்தது. சாம்பலால் தேய்த்துக் கழுவி, ஈரம் ஒரு கணமும் நிற்காதபடி துடைத்து, அடுப்புச் சூட்டிற் காயவைத்தா. இரும்பைக் கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் அன்று மாலையே புதுக்கறள் வந்துவிடும். பின்னர் எங்கிருந்தோ ஒரு கரண்டி நல்லெண்ணெய் கடன் வாங்கி, துணியாற் தொட்டு மெல்லியதாகப் பூசி, தணலின் மேற் கவிழ்த்துப் புகையவிட்டா. ஆறியபின் இன்னொரு பூச்சு, மீண்டும் தணல். மூன்று நாள் இப்படி நடந்தது. தோசைக்கல்லைப் பழக்குவது போலத் தட்டத்தைப் பழக்கினா. மேலே நான் பிசுக்கு என்று பழித்த அதே எண்ணெய்ப் படை, மெல்லியதாகவும் சீராகவும் ஏறும்போது இரும்புக்குக் கவசமாகிவிடுகிறது! நல்லெண்ணெய் எளிதிற் பிசினாகும் என்ற குறை இங்கே குணமாயிற்று. வைகாசி பிறந்தபோது தம்பியின் பிறந்த நாளுக்கு, சிரட்டைத் தணலில், பட்டர் இல்லாமல், தேங்காய்ப்பாலும் ரவையும் சீனியும் சேர்த்து, அந்தத் தட்டத்திலே ஒரு கேக் வெந்தது. மூலையில் வழக்கம் போற் கருகிற்று. அக்கருகலுக்குத்தான் நானும் தம்பியும் சண்டை பிடித்தோம்.

பாண் போடுபவர்கள் இதை எப்போதோ அறிவார்கள். அச்சுப்பாண் போடும் தகரங்களை அவர்கள் துலக்கி வெளுக்க வைப்பதில்லை. சூடாறுமுன் துணியாற் துடைத்து எண்ணெய் தடவி அடுக்கிவிடுவார்கள். அவை கறுப்பாக இருப்பது அழுக்கினால் அன்று. பழகிய கறுப்பில் மா ஒட்டாது. வெளுத்த தகரத்தில் ஒட்டும். கருந்தட்டம் சூட்டை விரைவாக வாங்குவதால் பாணின் புறமும் நன்றாகச் சிவக்கும். இது தெரியாமல் நான் ஒரு பெரும் பிழை செய்தேன். கலியாணமாகி வந்த புதிதில் அம்மா அந்தத் தகரத் தட்டத்தை எனக்குத் தந்தா. மாமியார் வீட்டில் கறுத்த தட்டம் வைத்திருக்க வெட்கப்பட்டு, இரும்புத் தும்பாலும் கடையில் வாங்கிய தூளாலும் ஒரு சனிக்கிழமை முழுவதும் தேய்த்து வெள்ளியாக்கினேன். ஞாயிறு காலையிற் பார்த்தாற் செங்கோடுகள் திரும்பி வந்திருந்தன. அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ ஒன்றும் சொல்லாமல் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்தா.

சவர்க்காரம் இருந்தாலும் எங்கள் ஊரில் அது முழுதாக வேலை செய்வதில்லை என்பதையும் சொல்லவேண்டும். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது; வற்றாத ஆறு ஒன்றும் இல்லை; கிணற்று நீரே கதி. மழைநீர் கல்லுக்குள் இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்த வன்னீரிற் சவர்க்காரம் நுரைப்பதற்கு முன், கல்சியத்தோடு சேர்ந்து கரையாத சாம்பல் நிறப் படையாகிப் பாத்திரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் கழுவிய தட்டம் காய்ந்ததும் மங்கலாய்த் தெரிகிறதே என்று வருந்துவோர், ஈற்றில் ஒரு கரண்டி வினாகிரி கலந்த நீரால் அலசிப் பார்க்கலாம். முடிந்தால் மாரியில் மழைநீரைப் பிடித்துவைத்து அலசலாம். கேத்தலிற் பிடித்த சுண்ணாம்புக்கும் புளித்தண்ணீரோ வினாகிரியோ ஊற்றி மெல்லக் கொதிக்க வைத்தால் வேறொன்றும் வேண்டாம். சோடா அதனை அசைக்கவும் மாட்டாது.

தடைக் காலத்தில் இந்த வன்னீரோடும் சவர்க்காரப் பஞ்சத்தோடும் சேர்ந்து போராடிய எங்களுக்குப் பனை கைகொடுத்தது. ஆவணி புரட்டாசியில் விழும் பனம்பழத்தின் தோலை உரித்து, ஈரத்துணியில் உரஞ்சினால் நுரை வரும். பனங்களியின் கைப்புக்குக் காரணமான பொருள் சப்பொனின் இனத்தைச் சேர்ந்தது. சீயாக்காயில் நுரை தருவதும் அவ்வினமே. சப்பொனின் கல்சியத்தோடு சேர்ந்து படியாதாகையால் வன்னீரிலும் நுரைக்கும். அழுக்குப் போகும், வாசம் போகாது. வேலியிற் காயப்போட்ட பாடசாலைச் சட்டையை மாடு வந்து சப்பிவிட்டுப் போன கதை எங்கள் வயதினர் எல்லாரிடமும் ஒன்று இருக்கும். ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் படித்தவர்கள் நாங்கள். அந்த விளக்கின் புகைக்கரியைச் சுவரிலிருந்து எடுக்கவும் ஒரு வழி வைத்திருந்தோம். ஆனால் அது வேறு கதை.

இந்நாளைய தட்டங்களைப் பற்றிச் சில வார்த்தைகள். 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் றோய் பிளங்கற் என்பவர் தற்செயலாகக் கண்டறிந்த ஒரு பொருளே ஒட்டாத தட்டங்களின் கரும் பூச்சாக இன்று நம் வீடுகளுக்கு வந்திருக்கிறது. அதற்குச் சாம்பல், மணல், இரும்புத் தும்பு எதுவும் ஆகாது. இளஞ்சூட்டு நீரும் சிறிது பாத்திரந்தேய்க்கும் திரவமும் மென்துணியும் போதும்; பூச்சு உரியத் தொடங்கிய தட்டத்தைக் கைவிடுவதே நன்று. கண்ணாடித் தட்டம் காரத்துக்கும் அமிலத்துக்கும் அஞ்சாது. சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றுவதற்குத்தான் அஞ்சும், வெடித்துவிடும்.

இரண்டு செயல்களை எக்காரணம் கொண்டும் செய்யலாகாது. மலசலகூடம் கழுவ வாங்கும் குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்தைப் பாத்திரத்துக்கு இட்டு, அதன்மேல் வினாகிரியோ தேசிப்புளியோ ஊற்றுவது ஒன்று. அதிலிருந்து குளோரின் வாயு எழும். முதலாம் உலகப் போரில் மனிதரைக் கொல்லப் பயன்பட்ட வாயு அது. கதவடைத்த குசினியில் அதனைச் சுவாசிக்கும் தாய்க்கு என்ன நேரும் என்று நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. மற்றது, எரிசோடாவை அலுமினியத்தில் இடுவது. அது அலுமினியத்தையே கரைத்து, தீப்பற்றும் ஐதரசனை வெளியேற்றும். கையிலும் கண்ணிலும் தெறித்தால் தசையை அரிக்கும். போகாத கறையோடு ஒரு தட்டம் வீட்டில் இருந்தால் ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

அந்த மாணவியின் தட்டத்துக்கு நாங்கள் செய்தது இவ்வளவே. காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படை ஒன்று தானாகவே உண்டாகி அதனைக் காக்கிறது. சோடா அந்தப் படையைத் தின்று உலோகத்தின் முகத்தைக் கறுக்க வைத்துவிட்டது. தேய்ப்பதால் அது போகாது, அமிலத்தாற் போகும். பெரிய சருவத்தில் தட்டம் மூழ்குமளவு நீரெடுத்து, கைப்பிடியளவு பழப்புளி கரைத்து வடித்து ஊற்றி, அடுப்பில் ஏற்றினோம். அவள் அடுப்பருகே குந்தியிருந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொதி வந்து பத்து நிமிடத்தில் ஓரம் வெளுத்தது. இருபது நிமிடத்தில் நடுவும் வெளுத்தது. இறக்கி, ஆறவிட்டு, வெறும் தும்பால் ஒரு தரம் தேய்த்துக் கழுவினோம். பழைய தட்டமாகத் திரும்பி வந்தது. ஒரு மூலையில் மட்டும் விரலளவு மங்கல் எஞ்சிற்று.

“இதையும் எடுக்கலாமோ ரீச்சர்?”

“எடுக்கலாம். இன்னொருக்கா அவிக்க வேணும். உன்ரை அம்மாவைக் கேட்டுப்பார்.”

கைத்தொலைபேசியிற் படம் பிடித்துத் தாயாருக்கு அனுப்பினாள். மறுமொழி உடனே வந்தது: அந்த மூலை தன் தாயாரின் காலத்திலேயே அப்படித்தான் இருந்தது, அதைத் தொடவேண்டாம், உடனே தட்டத்தைக் கொண்டுவா. சருவத்தில் மிஞ்சியிருந்த புளித்தண்ணீர் இன்னும் சூடாக இருந்தது. அதை ஊற்றிவிட மனமில்லாமல் சுவாமியறையிலிருந்த குத்துவிளக்கை எடுத்துவந்து அதற்குள் இறக்கினேன்.